லட்ச ரூபாய் ரிவெர்ப் உங்கள் கம்ப்யூட்டரில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, மைக்கைச் செருகித் தங்கள் குரலைப் பதிவு செய்து கேட்பது. கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். குளியலறையில் பாடும்போது அவ்வளவு நன்றாக இருந்த குரல், ஸ்பீக்கரில் வறட்டு வறட்டு என்று வருகிறதே என்று நினைப்பார்கள். உடனே வேறு மைக் வாங்குவார்கள். அதிலும் அப்படியேதான் வரும்.

குறை மைக்கில் இல்லை. நாம் பாடும்போது குரல் நேராகக் காதுக்கு வருவது ஒரு பங்குதான். சுவர், கூரை, தரை என்று மோதித் திரும்பும் ஆயிரக்கணக்கான சிறு எதிரொலிகள் அதன் பின்னால் வால் போல நீண்டு வந்து கலக்கின்றன. இந்த வாலுக்குத்தான் ரிவெர்ப் என்று பெயர். தனித்தனியாகக் கேட்டால் அது எதிரொலி. பிரித்துக் கேட்க முடியாதபடி ஒன்றாகக் குழைந்து வந்தால் ரிவெர்ப். குளியலறையின் டைல்ஸ் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. படுக்கையறையில் மெத்தையும் துணிமணியும் அதை விழுங்கிவிடுகின்றன. காலியான கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்டிங் செய்யும்போது முழங்கும் ஒலி, முகூர்த்த நேரத்தில் கூட்டம் நிரம்பியதும் அடங்கிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். மனித உடம்பும் ஒலியை நன்றாக விழுங்கும்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் என் அம்மாயி. காங்கேயம் பக்கத்தில் ஒரு தொட்டிக்கட்டு வீட்டில் இருந்தவர். நடுவில் வாசல், நான்கு புறமும் தாழ்வாரம், மேலே ஓடு. கடைசிக் காலத்தில் கோவையில் எங்கள் பிளாட்டுக்கு வந்துவிட்டார். 2019ல் ஒரு நாள் மத்தியானம் அவர் தாலாட்டு ஒன்றைப் பாட, நான் போனில் பதிவு செய்தேன். மெத்தையும் பீரோவும் அடைத்துக் கிடக்கும் சிறிய அறை. 2020ல் அந்தப் பழைய வீட்டை இடித்தார்கள். அடுத்த வருடம் அம்மாயியும் போய்விட்டார். பதிவைக் கேட்ட அம்மா சொன்னது இதுதான்: "குரல் அம்மாயிதாங் கண்ணு. ஆனா நம்மூட்டுல பாடுனாப்ல இல்லையே."

நான் சரவணம்பட்டியில் சாப்ட்வேர் வேலை பார்ப்பவன். கம்ப்யூட்டரால் இதைச் செய்ய முடியாதா என்று இறங்கினேன்.

இரும்புத் தகட்டிலிருந்து சில்லு வரை

ஸ்டூடியோ நடத்தும் நண்பர் ஒருவரிடம் முதலில் கேட்டேன். "லெக்சிகான்ல போட்டா தேன் மாதிரி இருக்கும்" என்றார். அது என்ன தேன் என்று தேடியபோது ஒரு பெரிய கதையே கிடைத்தது.

ஆரம்ப காலத்தில் ஸ்டூடியோக்களில் ரிவெர்ப் வேண்டுமென்றால் உண்மையிலேயே ஓர் அறை கட்டினார்கள். வெறும் அறை, உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அறையில் முழங்கி வருவதை மைக்கில் பிடிப்பார்கள். 1957ல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் அறைக்குப் பதிலாக ஒரு மெல்லிய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டது. இ.எம்.டி. 140 என்று பெயர். சுமார் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரத் தகடு. பெட்டியோடு சேர்த்து எடை 250 கிலோவுக்கு மேல். நான்கைந்து பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும்.

கம்ப்யூட்டர் கணக்கால் ரிவெர்ப் உண்டாக்கலாம் என்று 1960களின் தொடக்கத்திலேயே பெல் ஆய்வகத்தில் மான்பிரட் ஷ்ரோடர் காட்டிவிட்டார். அது விற்பனைக்கு வரும் கருவியாக மாறியது 1976ல் வந்த இ.எம்.டி. 250 மூலம். பிறகு 1978ல் லெக்சிகான் 224, 1986ல் லெக்சிகான் 480எல். நண்பர் சொன்ன தேன் இதுதான். 2007ல் வந்த பிரிகாஸ்டி எம்7 கருவியின் விலை நம் பணத்தில் மூன்று லட்சத்தையும் தாண்டும். அத்தனைக்கும் அது செய்வது ரிவெர்ப் ஒன்று மட்டும்தான்!

இவ்வளவு விலைக்கு உள்ளே என்னதான் இருக்கிறது? சிக்னல் பிராசசிங் செய்யும் சில்லுகளும், காதை வைத்துப் பல வருடம் திருத்தித் திருத்தி எழுதிய கணக்கும்தான். சில்லு இப்போது உங்கள் மேசையிலேயே இருக்கிறது. மீதி அந்தக் கணக்கு.

ஒரு குளம், நிறைய மழைத்துளி

அந்தக் கணக்கு தெரியாமலேயே அதன் விளைவை அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கன்வல்யூஷன் என்பார்கள். கல்லூரியில் இந்தப் பாடத்தில் அரியர் விழாமல் தப்பித்ததே பெரிய விஷயம். அன்று யாராவது குளத்தைக் காட்டிச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

சிங்காநல்லூர் குளத்தில் ஒரு மழைத்துளி விழுகிறது. வட்டம் வட்டமாக அலை பரவி, கரையில் மோதித் திரும்பி அடங்குகிறது. அந்த ஒரு துளியின் அலையை முழுவதும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அதே இடத்தில் அடுத்தடுத்து எத்தனை துளி விழுந்தாலும் குளம் எப்படி அலையும் என்று கணக்குப் போட்டுவிடலாம். பெரிய துளிக்குப் பெரிய அலை, சிறிய துளிக்குச் சிறிய அலை. எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தில் கூட்ட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டருக்குள் உங்கள் குரல் என்பது எண்களின் வரிசை. சி.டி. தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு துளி. ஒரு அறையில் 'டப்' என்று ஒரே ஒரு சத்தம் எழுப்பி, அது அடங்கும் வரை பதிவு செய்தால் கிடைக்கும் பைலுக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். அதுதான் அந்த அறையின் 'ஒரு துளி அலை'. அறை என்று இல்லை. லெக்சிகான் கருவிக்குள் ஒரு 'டிக்' சத்தத்தை அனுப்பி வெளியே வருவதைப் பதிவு செய்தாலும் இதே கதைதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 2 நொடி நீள இம்பல்ஸ் பைலில் 88,200 எண்கள் இருக்கும். குரலின் ஒவ்வொரு எண்ணையும் அத்தனை எண்ணாலும் பெருக்கினால், ஒரு நொடிப் பாட்டுக்குச் சுமார் 389 கோடி பெருக்கல்கள்! எப்.எப்.டி. என்ற குறுக்கு வழிக் கணக்கு இதை மிகச் சிறியதாக்கிவிடுகிறது. அப்படியும் 1999ல் சோனி இதற்கென்றே டி.ஆர்.இ.-எஸ்777 என்று தனிக் கருவி விற்றது. 2001ல் ஆடியோ ஈஸ் நிறுவனத்தின் ஆல்டிவெர்ப் வந்த பிறகு வேலை முழுவதும் கம்ப்யூட்டருக்கே வந்துவிட்டது. இன்றைய சாதாரண லேப்டாப் இதை மூச்சு வாங்காமல் செய்யும்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

முதலில் ஆடாசிட்டி. முற்றிலும் இலவசம். பாட்டுப் பைலைத் திறந்து, அனைத்தையும் செலக்ட் செய்து, எபெக்ட் மெனுவில் ரிவெர்ப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் விண்டோவில் பாத்ரூம், மீடியம் ரூம், கதீட்ரல் என்று தயார் அமைப்புகள் இருக்கும். இதில் கன்வல்யூஷன் இல்லை. ப்ரீவெர்ப் என்ற இலவசக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. நான் ஆர்வக் கோளாறில் கதீட்ரலைப் போட்டேன். "மாதா கோயிலுக்குள்ள நின்னு தாலாட்டுப் பாடறாப்ல இருக்குது" என்றார் அம்மா. தீர்ப்பு சரிதான்.

அடுத்தது ரீப்பர் என்ற சாப்ட்வேர். 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம். பிறகு லைசென்ஸ் வாங்க வேண்டும். உங்கள் பைலை உள்ளே இழுத்துப் போட்டு, டிராக்கில் உள்ள எப்.எக்ஸ். பட்டனை அழுத்தி, ரியாவெர்ப் என்பதைச் சேருங்கள். அதில் ஆட் பட்டனைக் கிளிக் செய்து 'பைல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, இம்பல்ஸ் பைலைக் காட்டினால் முடிந்தது. வெட் என்பது ரிவெர்ப் எவ்வளவு, டிரை என்பது அசல் குரல் எவ்வளவு என்பதற்கான கட்டுப்பாடுகள். புதியவர்கள் எல்லோரும் வெட்டை உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். வேண்டாம். ரிவெர்ப் தனியாகக் காதில் விழ ஆரம்பித்ததும் கொஞ்சம் குறையுங்கள். அந்த இடம்தான் சரி.

புகழ்பெற்ற கருவிகளின் இம்பல்ஸ் பைல்கள் இலவசமாகவும் விலைக்கும் இணையத்தில் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் ஓப்பன் ஏர் என்ற பெயரில் உண்மையான கட்டடங்களின் இம்பல்ஸ்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

லெக்சிகான் ஹால் ஒன்றின் பைலைப் போட்டேன். நண்பர் சொன்னது பொய்யில்லை, தேன்தான். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இம்பல்ஸ் என்பது போட்டோ மாதிரி. 480எல் போன்ற கருவிகள் தங்கள் ரிவெர்பை உள்ளுக்குள் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும். அந்த அசைவு போட்டோவில் வராது. அது வேண்டுமென்றால் கணக்கையே பின்பற்றி எழுதிய சாப்ட்வேர்களுக்குப் போக வேண்டும். லெக்சிகான் நிறுவனமே அப்படி வெளியிட்டது. வல்ஹல்லா விண்டேஜ்வெர்ப் 50 டாலர். இலவசமாக வேண்டுமென்றால் டிராகன்பிளை ரிவெர்ப். வீட்டில் பாடிப் பழகுபவருக்கு இதுவே தாராளம் என்பது என் கருத்து.

அம்மா தேனையும் ஏற்கவில்லை. "சினிமாப் பாட்டாட்டம் இருக்குது." அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேண்டியது லட்ச ரூபாய் கருவியின் ரிவெர்ப் இல்லை, ஓட்டு வீட்டின் ரிவெர்ப். அந்த வீட்டை இடிக்கும் முன் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் ஒரு சின்ன பைலில் அது இன்று என்னிடம் இருந்திருக்கும்.

அதே தெருவில் மாமா வீடு இன்னும் நிற்கிறது. அதே அமைப்பு, அதே ஓடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பலூன் பாக்கெட்டோடு போய் இறங்கினேன். "என்ன மாப்ள, பொறந்த நாளா?" என்றார் மாமா. நீங்கள் செய்வதாக இருந்தால் சில விஷயங்கள்: பேனை நிறுத்துங்கள். பலூனை நன்றாக ஊதி, பாடுபவர் இருக்கும் இடத்தில் ஒருவர் உடைக்கட்டும். கேட்பவர் இருக்கும் இடத்தில் ரிக்கார்டர் இருக்கட்டும். போன் என்றால் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, எம்.பி.3 வேண்டாம், வேவ் பைலாகப் பதிவு செய்யுங்கள். சத்தம் அதிகமாகி அலையின் தலை வெட்டுப்பட்டால் அந்தப் பைல் உதவாது. தள்ளி வைத்து மறுபடி உடையுங்கள். எனக்கு ஆறு பலூன் ஆனது. நடுவில் ஒரு முறை மயில் அகவிக் கெடுத்தது. ஆடாசிட்டியில் திறந்து, 'டப்' தொடங்கும் இடத்திற்கு முன்னால் உள்ளதை வெட்டி, கடைசியில் பேட் அவுட் கொடுத்துச் சேமித்தால் உங்கள் சொந்த இம்பல்ஸ் தயார். தொழில்முறையில் பலூனுக்குப் பதில், கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்கு ஏறும் ஒரு ஒலியை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு அளப்பார்கள். அது இன்னும் துல்லியம். கோயில் மண்டபத்தில் செய்ய ஆசைப்பட்டால் முதலில் அனுமதி கேளுங்கள்.

அன்று இரவே ரியாவெர்பில் போட்டு அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். இரண்டு முறை கேட்டார். கண் கலங்கும் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றம். "இது வாசல்ல உக்காந்து பாடுனாப்ல இருக்குது. அம்மாயி எப்பவும் அடுப்பங்கரையில வேலை செஞ்சுக்கிட்டேதானே பாடும். நாங்க திண்ணையில படுத்துக் கேப்போம்" என்றார்.

நான் பலூன் உடைத்தது வாசலின் நடுவில். ரிக்கார்டர் வைத்தது தாழ்வாரத்தில். ஒரே வீடுதான் என்றாலும் இடம் மாறினால் இம்பல்ஸும் மாறும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. அம்மாவிடம் கேட்காமல் போனதுதான் தவறு. மாமாவுக்குப் போன் செய்தேன். தை பிறந்ததும் ஓட்டைப் பிரித்து மச்சு வீடு கட்டப் போகிறாராம். வருகிற ஞாயிறு மறுபடி போகிறேன். இந்த முறை பத்து பலூன், அம்மாவும் கூட வருகிறார்.