ஒரு ஹால், ஐந்து ரிமோட்!

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தறி. தறியில் பாதி நெய்த புடவை. அதற்கு எதிரே, நெய்கிறவர் காதுக்குப் பாட்டு விழுகிற தூரத்தில் டி.வி. டி.வி.க்குக் கீழே..? ரிமோட் மாநாடு!

டி.வி.க்கு ஒன்று. செட்-டாப் பாக்ஸுக்கு ஒன்று. தீபாவளி போனஸில் வாங்கிய சவுண்ட்பாருக்கு ஒன்று. படம் பார்க்கிற ஸ்டிக்குக்கு ஒன்று. ஐந்தாவது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தூக்கிப் போடக்கூடாது என்பது மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்! (அநேகமாக, எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போன டி.வி.டி. பிளேயருடையதாக இருக்கும்.)

இதில் ஒன்றுக்கு பாலிதீன் உறை. ஒன்றுக்கு பேட்டரி மூடி தொலைந்து ரப்பர் பேண்ட். இன்னொன்று சோபா இடுக்கில் அத்திவரதர் மாதிரி சயனத்தில் இருக்கும். 1979-க்குப் பிறகு அவர் 2019-ல்தானே வெளியே வந்தார்? இதுவும் அப்படித்தான். சோபாவை மாற்றும்போதுதான் தரிசனம்!

சிரிக்கிற விஷயம் இதோடு முடிந்தது. இனி சிரிக்க முடியாத பாதி.

வீட்டுப் பையன் காலை ஆறரைக்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறான். அல்லது சென்னைக்கு ரயில். வீட்டில் அப்பாவும் ஆயாவும்தான். பதினோரு மணிக்கு ஆயாவின் விரல் தெரியாத்தனமாக 'சோர்ஸ்' பட்டனில் பட்டுவிடுகிறது. திரை முழுக்க நீலம். 'நோ சிக்னல்' என்று ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மட்டும் பம்பரமாக மிதக்கிறது.

ஆபீஸில் உங்கள் போன் அடிக்கிறது. மீட்டிங். மேனேஜர் முறைக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு எடுக்கிறீர்கள்.

"தம்பி, டி.வி. நீலமாவே நிக்குதுடா..."

"ஆயா, ரிமோட்ல மேல வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கும் பாரு..."

"எந்த ரிமோட்டுல?"

கேள்வி ஒன்றுதான். பதில் சொல்லத்தான் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மேனேஜர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். "சாயங்காலம் வந்து போட்டுத் தர்றேன் ஆயா" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த சாயங்காலம் இரவு எட்டு மணிக்கு வருகிறது. அதுவரை ஆயாவுக்கு எதிரே நீலம்.

இந்த வியாதிக்கு மருந்து உண்டா? உண்டு. 'யுனிவர்சல் ரிமோட்' என்று பெயர். எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட். அதிலும் நாம் சொல்லிக்கொடுத்தபடி நடக்கிற ரிமோட்.

சோம்பேறிக்குப் பிறந்த பிள்ளை

அமெரிக்காவில் ஜெனித் கம்பெனி 1950-ல் ஒரு ரிமோட் விற்றது. பெயரே 'லேஸி போன்ஸ்'. அதாவது, சோம்பேறி! டி.வி.யிலிருந்து நீளமாக ஒரு ஒயர் வரும். நுனியில் பட்டன். ஹாலில் நடந்தவர்களெல்லாம் ஒயர் தடுக்கி விழுந்தார்கள்.

1955-ல் யூஜின் பாலி என்கிற என்ஜினீயர் ஒயரை வெட்டிவிட்டார். 'ஃப்ளாஷ்-மேட்டிக்' என்று துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளி உணரும் கண்கள். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறீர்களோ அதற்கேற்ற வேலை நடக்கும். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்தால்? சூரிய பகவானே சேனல் மாற்றினார்!

அடுத்த வருஷமே ராபர்ட் ஆட்லர் வேறு வழி கண்டுபிடித்தார். பட்டனை அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தியல் ஒரு அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத சத்தம் டி.வி.க்கு எட்டும். பேட்டரியே வேண்டாம். இன்றைக்கு பேட்டரி போன ரிமோட்டைத் தொடையில் தட்டுகிறோமே, அந்தத் தட்டலுக்கு முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

பிறகு வந்ததுதான் இன்றைய இன்ஃப்ரா-ரெட் ரிமோட். வி.சி.ஆர்., ஆடியோ செட் என்று பெட்டிகள் பெருக, ரிமோட்களும் குட்டி போட்டன. 1987-ல் ஒருத்தர், "எல்லாவற்றுக்கும் ஒன்று போதும்" என்று 'கோர்' என்கிற ரிமோட்டைக் கொண்டுவந்தார். மற்ற ரிமோட்களின் சிக்னலைக் கற்றுக்கொண்டு, வரிசையாக வேலை செய்கிற ரிமோட். அந்த ஒருத்தர் யார்? ஆப்பிள் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஸ்டீவ் வோஸ்னியாக்! சாதாரண ஜனங்களுக்கு அதை இயக்குவதே பெரும்பாடாக இருந்தது. கம்ப்யூட்டர் மேதை செய்ததாயிற்றே!

செப்டம்பர் 15

காஞ்சிபுரத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு சங்கதி. டெல்லியில் தூர்தர்ஷன் முதன்முதலாக ஒளிபரப்பைத் தொடங்கியது 1959 செப்டம்பர் 15. அன்றைக்குக் காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவுக்குச் சரியாக ஐம்பது வயது! நம் ஊருக்கு டி.வி. வரத்தான் தாமதம். சென்னை நிலையம் 1975-ல்தான் வந்தது.

பிறகு 2006-ல் அதே செப்டம்பர் 15-ம் தேதி, தமிழக அரசின் இலவச கலர் டி.வி. திட்டம் தொடங்கியது. 14 இன்ச் பெட்டி. அதோடு ஒரு ரிமோட். அதுவரை பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஒலியும் ஒளியும் பார்த்த பலருக்கு, வாழ்க்கையில் கையில் பிடித்த முதல் ரிமோட் அதுதான். ஒரு டி.வி., ஒரு ரிமோட். எவ்வளவு நிம்மதி! அப்புறம் டி.டி.எச். வந்தது, கேபிள் டிஜிட்டல் ஆனது, செட்-டாப் பாக்ஸ் வந்தது. ரிமோட் இரண்டானது. சண்டை நான்கானது.

கண்ணுக்குத் தெரியாத அட்டை

ரிமோட் எப்படிப் பேசுகிறது? அதன் மூக்கில் இருக்கிற குட்டி பல்ப் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் மினுக்குகிறது. வினாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிற வெளிச்சம். அந்தத் துடிப்பைக் கொஞ்சம் நேரம் விட்டு, கொஞ்சம் நேரம் நிறுத்தி, நீளமும் குட்டையுமாக அனுப்பினால் அது ஒரு கட்டளை. தபால் ஆபீஸ் தந்தி மாதிரி. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி தந்தி பாஷை. அதனால்தான் இவன் ரிமோட்டுக்கு அவன் டி.வி. மசிவதில்லை.

சந்தேகமா? செல்போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, அதற்கு நேரே ரிமோட்டைப் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் பல்ப் வெளிர் ஊதாவாக மினுக்குவது தெரியும். மினுக்கினால் ரிமோட் நல்லது, கோளாறு பெட்டியில். மினுக்காவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். தொடையில் தட்டாதீர்கள்!

இந்தத் தந்தி பாஷையை காஞ்சிபுரத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதில் சரம் சரமாகத் தொங்கும் அட்டைகளைப் பாருங்கள். துளை இருக்கிற இடத்தில் அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லாவிட்டால் எழும்பாது. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. அன்னம் வேண்டுமா, மயில் வேண்டுமா? தறியை மாற்ற வேண்டாம், அட்டையை மாற்றினால் போதும். பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த இந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான், பிற்காலத்தில் கணக்குப் போடும் எந்திரத்துக்கே அட்டை மாட்டலாம் என்று யோசித்தார் சார்லஸ் பாபேஜ். ஆக, 'ப்ரோக்ராம்' என்றால் என்னவென்று கேட்டால் பெங்களூருக்கு ஓட வேண்டாம். பிள்ளையார்பாளையம் போதும்.

ப்ரோக்ராம் ரிமோட்டும் அப்படித்தான். பழைய ரிமோட்டையும் புதியதையும் மூக்கோடு மூக்கு, இரண்டு மூன்று விரல்கடை தூரத்தில் வைக்கவேண்டியது. புதியதில் 'லேர்ன்' அழுத்தி, பழையதில் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தத் தந்தி பதிவாகிவிடும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் அட்டை. பல அட்டைகளைக் கோத்து ஒரே பட்டனில் மாட்டினால் அதன் பெயர் 'மேக்ரோ'. 'படம் பார்' என்று ஒரு தட்டு. டி.வி. ஆன், சவுண்ட்பார் ஆன், சோர்ஸ் மாற்றம், எல்லாம் வரிசையாக நடக்கும்.

கதவைத் தட்டும் வில்லன்

கேட்க ஜோராக இருக்கிறதா? இங்கேதான் ஒரு வில்லன்.

டி.வி.யின் பவர் பட்டனுக்கு 'ஆன்', 'ஆஃப்' என்று இரண்டு கட்டளை கிடையாது. ஒரே கட்டளை. தூங்கினால் எழுப்பும், விழித்திருந்தால் தூங்கவைக்கும். டி.வி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயா 'படம் பார்' பட்டனை அழுத்தினால்? டி.வி. அணையும், சவுண்ட்பார் மட்டும் ஆன் ஆகும். இன்னொரு தடவை அழுத்தினால் நேர் எதிர். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்தால் பெண்ணைக் காணோம், பெண் வந்தால் மாப்பிள்ளையைக் காணோம்!

லாஜிடெக் கம்பெனியின் 'ஹார்மனி' ரிமோட் இதற்கு ஒரு யுக்தி செய்தது. எதை ஆன் செய்தோம் என்று ரிமோட்டே ஞாபகம் வைத்துக்கொள்ளும். சுகமான ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் கரண்ட் கட் என்று ஒரு பெரிய மனிதர் இருக்கிறாரே! கரண்ட் போய் வந்தால் டி.வி. தூங்கிக்கொண்டிருக்கும், சில செட்-டாப் பாக்ஸ் தானே விழித்துக்கொள்ளும். ரிமோட்டோ எல்லாம் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். அந்த ஹார்மனியையும் 2021-ல் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்டர்நெட் வழியாக ப்ரோக்ராம் செய்யவேண்டிய ரிமோட் அது. கம்பெனியை நம்பி இருக்கிற எந்தப் பொருளுக்கும் ஆயுசு கம்பெனியின் கையில்.

இதற்குப் பரிகாரம் மூன்று. ஒன்று, பல டி.வி.களில் ஆன்-க்குத் தனி, ஆஃப்-க்குத் தனி என ரகசியக் கட்டளைகள் உண்டு. ரிமோட்டில் பட்டன் இருக்காது, உள்ளே இருக்கும். நல்ல யுனிவர்சல் ரிமோட்களின் பட்டியலில் அது கிடைக்கலாம். இரண்டு, மேக்ரோவில் பவர் பட்டனைச் சேர்க்காமல் தனியாக விட்டுவிடுவது. மூன்று, கட்டளைகளுக்கு நடுவே சில வினாடி இடைவெளி வைப்பது. டி.வி. கண் விழிக்குமுன் அடுத்த உத்தரவு போட்டால் அது காதில் விழாது. திங்கட்கிழமை காலை நாமும் அப்படித்தானே?

பற்று வரவு

பி.காம். படித்த புத்தி, எதைப் பார்த்தாலும் செலவுக் கணக்குத்தான் முதலில் போடுகிறது.

செலவு பூஜ்யம்: டி.வி. செட்டிங்கில் 'எச்.டி.எம்.ஐ. சி.இ.சி.' என்று ஒன்று இருக்கும். சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்.ஜி.யில் 'சிம்ப்ளிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. பெயர் வேறு, சாமி ஒன்று. அதை ஆன் செய்தால், ஒத்துப்போகிற பெட்டிகள் கேபிள் வழியாகவே ஒன்றை ஒன்று எழுப்பிக்கொள்ளும். சவுண்டும் ஒரே ரிமோட்டில் அடங்கும்.

இதுவும் பூஜ்யம்: உங்கள் செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் டி.வி. பவர், சவுண்ட் பட்டன்களைக் கற்றுக்கொடுக்கிற வசதி அதிலேயே உண்டு. சில செல்போன்களிலும், குறிப்பாக ஷியோமி மாடல்கள் பலவற்றில், ரிமோட் பல்ப் உண்டு.

சில நூறு ரூபாய்: கற்றுக்கொள்ளும் யுனிவர்சல் ரிமோட். ஒன்று கவனியுங்கள். ஸ்டிக்குகளின் ரிமோட் பெரும்பாலும் புளூடூத் ஜாதி. வெளிச்ச பாஷை பேசாது. அதை இந்த ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. கடையில் காசு கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

அதற்கும் மேலே: வை-ஃபையில் ஓடும் குட்டி ஐ.ஆர். டப்பா. செல்போனிலிருந்து கட்டளை போகும். நீங்கள் ஒரகடத்தில் இருந்துகொண்டே ஆயாவின் சோர்ஸை மாற்றலாம். மேனேஜர் கண்ணில் படாமல் செய்வது உங்கள் சாமர்த்தியம்.

எதை வாங்கினாலும் ஒரு வேலை பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆயாவின் ரிமோட்டில் தேவையான ஐந்து பட்டன்களை மட்டும் விட்டு, 'சோர்ஸ்' உள்பட மிச்சத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டுங்கள். அந்த ஐந்தையும் ஆயா கையாலேயே பத்து தடவை அழுத்தவிடுங்கள். நீங்கள் அழுத்திக் காட்டினால் அது பாடம் ஆகாது.

யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தால் அது எந்த இழை என்று விரலாலேயே கண்டுபிடித்து முடிச்சுப் போட்ட மனுஷி அவர். கோர்வைப் புடவையில் உடம்பும் கரையும் பிசகாமல் சேர நாடா தள்ளிய கை அது. அந்தக் கை, ஒரு பாட்டு கேட்கப் பேரனுக்கு போன் போட்டுக் கெஞ்சவேண்டியிருக்கிறது என்றால் குறை கையில் இல்லை சார், ரிமோட்டில்!

எல்லாம் சரி செய்த பிறகும் ஒரே ஒரு சிக்கல் மிச்சம். அதே எட்டு மணிக்கு ஆயாவுக்கு சீரியல், உங்களுக்கு கிரிக்கெட். ரிமோட் ஒன்றுதான். அது ஆயா கையில்.

இதற்கு மட்டும் வோஸ்னியாக்கே வந்தாலும் ப்ரோக்ராம் கிடையாது!