‘வா’வா, ‘ரா’வா, ‘பா’வா?

நாகரசம்பட்டிப் பக்கம் ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று மொழிகள் புழங்குவது சாதாரணம். பாட்டி தெலுங்கில் ‘ரா’ என்பார், அப்பா ‘வா’ என்பார், கர்நாடகத்திலிருந்து வந்த மருமகள் ‘பா’ என்பார். மனிதர்களுக்கு இதில் சிரமமில்லை. குட்டி நாய்க்கு இருக்கிறது. ஒரு செயலுக்கு ஒரே சொல் என்று இருந்தால்தான் அது எளிதாகக் கற்கும். எனவே முதல் வேலை, வீட்டார் எல்லோரும் கூடிச் சொற்களை முடிவு செய்வது. எந்த மொழியாக இருந்தாலும் சரி. வா, உட்காரு, இரு, விடு என நான்கு சொற்கள் போதும்.

எளியது ‘உட்காரு’. வேகவைத்த முட்டையிலோ கோழிக்கறியிலோ விரல்நுனி அளவு துண்டு எடுத்து நாயின் மூக்குக்கு நேரே பிடியுங்கள். அதை மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். தலை நிமிரும்போது பின்பகுதி தானாகத் தரையில் படியும். படிந்த அந்த நொடியிலேயே தின்பண்டம் வாய்க்குப் போக வேண்டும். தாமதித்தால் நாய் எழுந்துவிடும்; எழுந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்ளும். அசைவு பழகியபின் சொல்லைச் சேருங்கள். ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். ஓசூர் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ் ஏறும் முன்பும், வந்து இறங்கியபின்பும் செய்யலாம். தின்பண்டத்தில் மட்டும் கவனம் வேண்டும்: வெங்காயம் சேர்ந்த குழம்பு, திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. பிரியாணியில் மிஞ்சிய எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

‘வா’ என்பதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். லாரி வரும் ரோட்டில் நாயின் உயிரைக் காப்பது அந்த ஒரு சொல்தான். முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், அதன்பின் மாந்தோப்பில் 20 அடிக் கயிறு கட்டி என்று தூரத்தைக் கூட்டுங்கள். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய்கள் முயலைக் கண்டால் காது கேளாதவைபோல் ஓடும். அவற்றுக்குக் கயிற்றுப் பழக்கம் இன்னும் பல வாரம் தேவை. நம் தெருவில் வளரும் நாட்டு நாயும் ‘வா’ கற்பதில் எந்த இனத்துக்கும் குறைந்ததில்லை.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ‘வா’ என்று கூப்பிட்டு, வந்த நாயை அடிக்கக் கூடாது. கோழியை விரட்டியதற்காக அடித்தாலும், வந்ததற்கு அடி விழுந்தது என்றே அது நினைக்கும். அடுத்த முறை வராது. வீட்டுக்குள் சிறுநீர் விட்டதற்காக மூக்கைத் தேய்ப்பதும் வீண். குட்டி எழுந்ததும், தின்றதும் வெளியே கூட்டிப் போனால் வெளியில் சிறுநீர் விடும் பழக்கம் தானே வரும்.

நாளெல்லாம் கட்டிப்போட்டால் காவல் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் நம் ஊர்களில் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பிறந்த 3 வாரம் முதல் ஏறக்குறைய 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தை அஞ்சாமல் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது பைக் சத்தம், பள்ளிப் பிள்ளைகள், தபால்காரர், ஆட்டு மந்தை எல்லாவற்றையும் அது பார்க்க வேண்டும். பார்க்காமல் சங்கிலியில் வளர்ந்த நாய் பயத்தில்தான் கடிக்கிறது.

வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாதத்தில் போடுங்கள். பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். குட்டி வாங்கிய வாரத்திலேயே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், எந்த ஊசி எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.