சொரியாசிஸ் செதிலில் கிடைத்த புரதம்

சொரியாசிஸ் வந்தவரின் முழங்கையைக் கவனித்துப் பாருங்கள். சிவந்து தடித்த படை, அதன்மேல் அடுக்கடுக்காக வெள்ளைச் செதில், நடுவே வெடிப்பு. கிருமி புகுந்து சீழ் பிடிக்க இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே சீழ் பிடிப்பது அரிது. எக்ஸிமா வந்த தோலிலோ ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா எளிதாகக் குடியேறிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

ஜெர்மனியின் கீல் நகரில் யூர்கன் ஹார்டர், யென்ஸ்-மைக்கேல் ஷ்ரோடர் குழுவினர் விடை தேடி, சொரியாசிஸ் நோயாளிகளிடமிருந்து உதிர்ந்த செதில்களையே திரட்டி அலசினார்கள். 1997இல் அதிலிருந்து பீட்டா டிஃபென்சின்-2 என்ற சின்னஞ்சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். மொத்தம் 41 அமினோ அமிலங்கள்தான். இதற்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேற்சவ்வுக்கு எதிர்மின்னூட்டம். போய் ஒட்டிக்கொண்டு சவ்வையே குலைத்துவிடுகிறது. நம் உடம்பே தயாரிக்கும் ஆன்டிபயாடிக் இது.

இதன் மரபணு 8ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பொதுவாக ஒரு மரபணு என்றால் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. இதுவோ பக்கத்து டிஃபென்சின் மரபணுக்களோடு கொத்தாகத் திரும்பத் திரும்ப வருகிறது. பலருக்கு நான்கு பிரதிகள், சிலருக்கு இரண்டே, சிலருக்குப் பத்தையும் தாண்டும். பிரதி கூடக்கூட சொரியாசிஸ் வரும் வாய்ப்பும் கூடுவதை நெதர்லாந்து, ஜெர்மனி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2008இல் காட்டியது.

காக்கும் பொருள் ஏன் நோயைத் தூண்ட வேண்டும்? டிஃபென்சின் கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. நோயெதிர்ப்புச் செல்களையும் அழைத்து வருகிறது. அதன் கூட்டாளியான எல்எல்-37 என்ற இன்னொரு கிருமிக்கொல்லிப் புரதம் இன்னும் விபரீதமானது. இறந்த செல்லிலிருந்து கசியும் நம் டிஎன்ஏவோடு பிணைந்துகொள்கிறது. அதை வைரஸ் என்று எண்ணி, நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன. கிருமியே இல்லாத இடத்தில் அழற்சி மூள்கிறது.

டிஃபென்சின் பிரதிகளை எண்ணிப் பார்க்க மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டாம் என்பேன். இந்தப் பிரதிகளை எண்ணுவதே கடினம். குடலைத் தாக்கும் க்ரோன் நோய்க்குப் பிரதிக் குறைவு வழிவகுக்கிறது என்று 2006இல் ஓர் ஆய்வு சொன்னது. 2010இல் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. எண்ணும் முறையின் பிழையே முடிவைப் புரட்டிப்போடும். சொரியாசிஸிலும் இதைவிட வலுவான பங்கு ஹெச்எல்ஏ-சி மரபணுவின் ஒரு வகைக்கு உண்டு.

டிஃபென்சினைப் பற்றிய இந்த அறிவின் பயன் வேறொரு பக்கம் தெரிகிறது. தோல் செல்களை டிஃபென்சின் சுரக்கத் தூண்டுவது, நோயெதிர்ப்புச் செல்கள் அனுப்பும் ஐஎல்-17 என்ற சமிக்ஞைப் புரதம். அதைத் தடுக்கும் செகுகினுமாப் மருந்தைச் செலுத்தினால் இரத்தத்தில் டிஃபென்சின் அளவும் இறங்குகிறது, படையும் அடங்குகிறது.