கந்தையிற் பிறந்த பாவை

திண்டிவனத்தினின்று கிழக்கே செல்லும் சாலை மரக்காணத்திற் கடலை அடைகின்றது. அங்கிருந்து தெற்கே புதுவையை நோக்கிச் செல்வார்க்கு, விழுப்புரம் மாவட்டத்து மீனவச் சிற்றூர்கள் வழிநெடுகத் தோன்றும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. படகும் வலையும் அழிந்தமையால் ஆடவர் கடல்மேற் செல்லாராயினர். மீன் வாராமையால், அதனைக் கூடையிற் சுமந்து விற்கும் பெண்டிரும் தொழிலிழந்தனர். அரிசியும் ஆடையும் பல திசையினின்றும் வந்தன. எனினும், நாள்தோறும் உழைத்துண்டவர் பிறர்முன் கைநீட்டி நிற்றல் எத்துணைத் துயர் என்பதை யாம் விரித்துரைத்தல் வேண்டா.

அக்காலத்தில் வானூர் வட்டத்து ஆரோவில்லில் 'உபாசனா' என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திவந்தவர், பீகாரிற் பிறந்து தில்லியிற் பயின்ற உமா பிரஜாபதி அம்மையார். அப்பெண்டிர் கைகளுக்கு ஒரு வேலை வேண்டும் என்று அவர் கருதினார். அதற்குரிய பொருள் அருகிலேயே கிடந்தது. தையற்காரர் துணியை அளவிட்டு வெட்டுங்கால், கழுத்து வளைவிலும் கைக்குழியிலும் சிறு துண்டுகள் எஞ்சும். அவை சட்டைக்கு உதவா; குப்பைக்கே போவன. அத்துண்டுகளினின்று, உள்ளங்கையுள் அடங்கும் சிறு பாவை செய்ய அவர்கள் கற்றனர். கத்தரியும் ஊசியும் நூலுமே கருவிகள்.

கிழிந்ததைப் புதிதாக்கும் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. வங்காள மகளிர் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா'வின் பெயரும், நாம் வழங்கும் 'கந்தை'யும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை என்பர். ஆனால் காந்தா வீட்டார்க்குப் போர்வையாயிற்று. இப்பாவையோ எவர்க்கும் ஒரு பயனும் தாராத பொருள். பயனற்ற துணியிற் பயனற்ற பொம்மையா என்று யாமும் முதலில் எண்ணினோம்.

பாவைக்குச் 'சுனாமிகா' என்று பெயரிட்டதும் எமக்கு உவப்பாயில்லை. அலையின் பெயரைக் கேட்கவும் நடுங்கியிருந்தவர், அதனையே மடியில் வைத்துத் தைத்துப் பெயர் சொல்லி அழைத்தனர் என்பதை நினைத்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

வியக்கத்தக்கது வேறொன்று. சுனாமிகாவை எவரும் விலைகொடுத்து வாங்க இயலாது; பரிசாகவே பெறலாம். பெற்றோர் மனமுவந்து அளித்த நன்கொடையினின்றே செய்தோர்க்குக் கூலி கிடைத்தது. நன்கொடை சுருங்கினாற் கூலி என்னாம் எனச் சிலர் வினவுவர். நேரிய வினாவே, இம்முறை எங்கும் செல்லுபடியாகும் என்று யாமும் வாதிடோம். ஆயினும், விலையிட்டிருப்பின் இஃது இரக்கத்தால் வாங்கப்படும் கடைச்சரக்காய் முடிந்திருக்கும். விலையின்மையால், உலகத்தாரிடம் ஏற்று வாழ்ந்த பெண்டிரே உலகத்தார்க்கு ஈவோராயினர். அவர்தம் பாவைகள் கடல்கடந்து பல நாடுகளுக்குச் சென்றுள்ளன.

இதனை எழுதுகையில் ஒன்று எம் ஏட்டின்மேல் இருக்கின்றது. அதன் உடையில் மெல்லிய நீலக்கோடுகள். யாருடைய சட்டைக்கு வெட்டியபோது எஞ்சிய துண்டோ!