பெட்டியை வாங்குமுன் இணைப்பைப் பாருங்கள்

"சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், வாங்கி அனுப்புகிறேன்" என்று வெளிநாட்டில் தொழில் புரியும் வாப்பா தொலைபேசியில் வாக்களித்திருந்தார். பரீட்சையும் முடிந்தது. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த சாச்சாவின் பயணப் பொதிகளோடு புத்தம் புதிய வீடியோ விளையாட்டுக் கருவியும் வீடு வந்து சேர்ந்தது. மகனுக்குத் தலைகால் புரியவில்லை. மாமியின் மகனிடம் இரவல் கேட்டு இரண்டு விளையாட்டு இறுவட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான்.

பெட்டியைத் திறந்து பார்த்தால், இறுவட்டை இடுவதற்கான வாயே கருவியில் இல்லை! விலை குறைவாக இருந்ததால் வாப்பா இறுவட்டுப் பகுதி இல்லாத வகையை வாங்கிவிட்டார். அப்படி இரண்டு வகை உண்டென்பது அவருக்குத் தெரியாது, விற்றவரும் சொல்லவில்லை. "பரவாயில்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறேன்" என்று மகன் ஒரு விளையாட்டை இறக்கத் தொடங்கினான். மறுநாள் மாலைக்குள் அந்த மாதத்துக்கான வீட்டு டேட்டா முழுவதும் தீர்ந்துபோயிற்று. விளையாட்டோ பாதிதான் இறங்கியிருந்தது. அன்றிரவு வழமைபோல் வாப்பா வீடியோ அழைப்பில் வந்தபோது அவரது முகம் திரையில் உறைந்து நின்றது. குரல் விட்டுவிட்டுக் கேட்டது. உம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இது நாமறிந்த ஒரு வீட்டில் நடந்தது. இங்கு யாரைக் குறை சொல்வது? பெட்டியின் விலையைப் பலரிடம் விசாரித்தார்கள். ஆனால் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த பின்னர் எதைக் கேட்கும், எவ்வளவு கேட்கும் என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இந்தக் கோரிக்கையை முன்வைத்திருக்கக் கூடும். எனவே, வாங்குவதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு சுருக்கமாகத் தருகிறோம்.

வேகம் வேறு, அளவு வேறு

இணைய நிறுவனங்கள் தமது விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடுவது வேகத்தைத்தான். மாதத்துக்கு எவ்வளவு டேட்டா என்பது சிறிய எழுத்தில் கீழே இருக்கும். இதைத் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேகம் என்பது குழாயின் அகலம். மாத அளவு என்பது தாங்கியில் இருக்கும் தண்ணீர். குழாய் அகலமாக இருந்தால் தண்ணீர் வேகமாக வரும். தாங்கியும் அதே வேகத்தில் வற்றிவிடும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். விளையாட்டின் அளவை ஜிகாபைட்டில் சொல்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட். ஆகவே 'செக்கனுக்கு 100 மெகாபிட்' என்ற இணைப்பில் ஒரு செக்கனில் அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

இந்தக் கணக்கின்படி 100 ஜிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டை இறக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? 100 மெகாபிட் இணைப்பில் ஏறத்தாழ இரண்டே கால் மணித்தியாலம். 10 மெகாபிட் இணைப்பில் 22 மணித்தியாலம். 3 மெகாபிட் இணைப்பில் 74 மணித்தியாலம், அதாவது மூன்று பகலும் மூன்று இரவும்! இதுவும் இணைப்பு ஒரு கணமேனும் தளராமல் இருந்தால்தான்.

100 ஜிகாபைட் என்பது மிகைப்படுத்தப்பட்ட எண் அல்ல. 2023இல் வெளிவந்த 'பல்டர்ஸ் கேட் 3' என்ற விளையாட்டு கணனியில் 150 ஜிகாபைட் இடம் கேட்கிறது. 1985இல் உலகையே கட்டிப்போட்ட 'சுப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முழு அளவும் 40 கிலோபைட்தான். 100 ஜிகாபைட் என்பது அதைப்போல் 25 இலட்சம் மடங்கு! இதற்கு முக்கிய காரணம் படத்தின் துல்லியம். 4கே எனப்படும் திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. சாதாரண முழு எச்.டி. திரையில் இருப்பதைப்போல் இது நான்கு மடங்கு. அத்தனை புள்ளிகளையும் நிரப்பத் தேவையான படங்களும் ஒலிகளும் சேரும்போது விளையாட்டு இவ்வாறு வீங்கிவிடுகிறது.

வாங்கிய பின்னரும் செலவு முடிவதில்லை. குறைகளைத் திருத்தவும் புதியவற்றைச் சேர்க்கவும் தயாரிப்பாளர்கள் அடிக்கடி புதுப்பித்தல்களை வெளியிடுகிறார்கள். சில வேளைகளில் ஒரு புதுப்பித்தலே பல ஜிகாபைட்டுகளை விழுங்கிவிடும்.

இறுவட்டு இருக்கிறதா?

இணைப்பு பலவீனமான வீட்டுக்கு இறுவட்டே பெரிய உதவி. பிளே ஸ்டேஷன் 5 கருவியின் இறுவட்டு 100 ஜிகாபைட் வரை கொள்ளும். விளையாட்டின் பெரும்பகுதி அதிலிருந்தே கருவிக்குள் ஏறிவிடும். புதுப்பித்தல்களுக்கு மட்டும் இணையம் போதும். விளையாடி முடித்த பின் மற்றொருவருக்கு இரவல் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்.

ஆனால் 2020 நவம்பரில் வெளிவந்த எக்ஸ் பொக்ஸ் சீரீஸ் எஸ் கருவியில் இறுவட்டுப் பகுதியே கிடையாது. அதனோடு வந்த சீரீஸ் எக்ஸ் கருவியில் உண்டு. பிளே ஸ்டேஷன் 5 ஆரம்பத்திலிருந்தே இறுவட்டு உள்ள வகை, இல்லாத வகை என இரண்டாக விற்பனையாகிறது. 2023இன் இறுதியில் வந்த மெலிந்த வகைக்கு இறுவட்டுப் பகுதியைப் பின்னர் தனியாக வாங்கிப் பொருத்தலாம். அவ்வாறு பொருத்தும்போது ஒருமுறை இணையத்தோடு இணைக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த பிளே ஸ்டேஷன் 5 புரோ விலை கூடியதாக இருந்தும் இறுவட்டுப் பகுதி இல்லாமலேயே வருகிறது. விலை அதிகம் என்பதால் எல்லாம் உள்ளே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

2025 ஜூனில் வெளிவந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2 கருவிக்குச் சிறிய விளையாட்டு அட்டைகள் உண்டு. அவற்றுள் ஒரு வகை வெறும் 'திறப்பு' மட்டுமே. அட்டைக்குள் விளையாட்டு இருக்காது. அதைச் செருகிய பின்னர் முழு விளையாட்டையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இது பற்றிய அறிவித்தல் உறையின் முன்புறத்தில் கீழே அச்சிடப்பட்டிருக்கும். காசு கொடுக்குமுன் அதை வாசித்துப் பாருங்கள்.

விளையாடும்போது தேவைப்படுவது

இங்குதான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். மற்றவர்களோடு இணையத்தில் சேர்ந்து விளையாடுவதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. எக்ஸ் பொக்ஸ் வன் கருவிக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் கூறிய ஆகக்குறைந்த தேவை, இறக்குவதற்குச் செக்கனுக்கு 3 மெகாபிட்டும் ஏற்றுவதற்கு அரை மெகாபிட்டும்தான். விளையாட்டின் படங்கள் ஏற்கெனவே கருவிக்குள் இருக்கின்றன. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்ற சிறு செய்திகளே இணைப்பில் போய் வருகின்றன.

இங்கு முக்கியமானது தாமதம். பொத்தானை அழுத்திய செய்தி தூரத்திலுள்ள பெரிய கணனிக்குச் சென்று பதிலோடு திரும்பி வர எடுக்கும் நேரமே அது. மேற்கூறிய நிறுவனம் அது 150 மில்லிசெக்கனுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. கண்ணாடி இழையினூடாக ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர்; நேர்கோட்டில் போய் வரவே 27 மில்லிசெக்கன் வேண்டும். லண்டனுக்கென்றால் 87 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள்கள் வளைந்து செல்வதாலும் இடையில் பல கருவிகளைத் தாண்டுவதாலும் உண்மையான தாமதம் இதைவிடக் கூடும். எவ்வளவு காசு கொடுத்து வேகத்தைக் கூட்டினாலும் இந்தத் தூரம் குறையாது. எனவே விளையாட்டில் பிராந்தியத்தைத் தெரிவுசெய்ய முடியுமாயின், அருகிலுள்ளதைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் ஏற்படும் தாமதத்தை நீங்களே குறைக்கலாம். ரவுட்டரிலிருந்து கருவிக்கு ஒரு வயரை நேரடியாக இழுத்துவிடுவது மிகச் சிறந்த வழி. சில நூறு ரூபாக்களுக்குக் கிடைக்கும் வயர், மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் கூட்டிக் கட்டும் பணத்தைவிடப் பயன் தரலாம். வயர் இழுக்க முடியாவிட்டால், ஒரே அறையில் 5 ஜிகாஹேர்ட்ஸ் வைஃபையையும், சுவர்களைத் தாண்ட வேண்டியிருந்தால் 2.4 ஜிகாஹேர்ட்ஸையும் முயன்று பாருங்கள்.

விளையாட்டையே தூரத்துக் கணனியில் ஓடவிட்டு, படத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பும் முறையும் உண்டு. அதற்குத்தான் வேகமும் அளவும் தாமதமின்மையும் ஒருசேர வேண்டும். கூகுள் நிறுவனம் 2019 நவம்பரில் தொடங்கிய 'ஸ்டேடியா' சேவை 4கே படத்துக்குச் செக்கனுக்கு 35 மெகாபிட் கேட்டது. அந்த வேகத்தில் ஒரு மணித்தியாலம் விளையாடினால் ஏறத்தாழ 15 ஜிகாபைட் போய்விடும். கூகுள் போன்ற பெரும் நிறுவனத்தாலும் அச்சேவையைத் தொடர முடியவில்லை. 2023 ஜனவரியில் அது மூடப்பட்டது.

கருவிக்குள் இடம் போதுமா?

முதல் வந்த பிளே ஸ்டேஷன் 5 கருவியின் உள்ளே 825 ஜிகாபைட் இடம் எனச் சொல்லப்பட்டாலும், பாவனைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 667 ஜிகாபைட். எக்ஸ் பொக்ஸ் சீரீஸ் எஸ் கருவியில் 512 எனச் சொல்லப்படுவதில் ஏறத்தாழ 364 மட்டுமே. பெரிய விளையாட்டுகள் மூன்றோ நான்கோ ஏறியதும் இடம் நிறைந்துவிடும். ஒன்றை அழித்தால்தான் மற்றொன்று. அழித்ததை மீண்டும் விளையாட விரும்பினால் மீண்டும் அத்தனை ஜிகாபைட்டையும் இறக்க வேண்டும்!

வீட்டிலுள்ள பழைய யூ.எஸ்.பி. வன்தட்டை இதற்குப் பயன்படுத்தலாமா? ஓரளவுக்கு முடியும். பிளே ஸ்டேஷன் 5 விளையாட்டை அதில் சேமித்து வைக்கலாம். ஆனால் அதிலிருந்து நேரடியாக விளையாட முடியாது. உள்ளே மாற்றிய பின்னரே விளையாடலாம். எனினும் மீண்டும் இணையத்திலிருந்து இறக்கும் செலவு மிச்சமாகும். உள்ளேயே இடத்தைக் கூட்ட விரும்பினால் எம்.2 எனப்படும் எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும். அது செக்கனுக்கு 5,500 மெகாபைட் அல்லது அதற்கு மேல் வாசிக்கக் கூடியதாகவும், சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். மலிவென்று வேறு வகையை வாங்கினால் காசு வீண். ஸ்விட்ச் 2 கருவியும் அவ்வாறே. தொலைபேசியில் போடும் சாதாரண மைக்ரோ எஸ்.டி. அட்டையில் அதன் விளையாட்டுகளை வைக்க முடியாது, 'மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ்' வகையே வேண்டும்.

தொலைக்காட்சியும் மின்சாரமும்

"புதிய கருவிக்குப் புதிய டீ.வி.யும் வேண்டும்" என்று பிள்ளைகள் சொன்னால் அவசரப்படாதீர்கள். எச்.டி.எம்.ஐ. துவாரம் உள்ள சாதாரண எச்.டி. தொலைக்காட்சியிலும் இக்கருவிகள் வேலை செய்யும். 4கே படத்தைச் செக்கனுக்கு 120 முறை காட்ட வேண்டுமானால்தான் எச்.டி.எம்.ஐ. 2.1 உள்ள விலை கூடிய தொலைக்காட்சி தேவை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துவாரங்கள் மட்டுமே உள்ள பழைய பெட்டியில் நேரடியாகப் பொருத்த முடியாது.

பிளே ஸ்டேஷன் 5 பெரிய விளையாட்டுகளை ஓட்டும்போது ஏறத்தாழ 200 வாட் மின்சாரம் எடுக்கும். ஐந்து மணித்தியாலம் விளையாடினால் மின்பட்டியலில் ஒரு அலகு கூடும். தொலைக்காட்சியின் செலவு வேறு. கருவியை மூடிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள். சூடு வெளியேற இடம் வேண்டும். புதுப்பித்தல் நடக்கும்போது மின்சாரம் நின்றால் சேமித்தவை பழுதாகக் கூடும். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் இருளில் கழித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிக்கடி மின்சாரம் நிற்கும் பகுதியாயின் ஒரு யூ.பி.எஸ். இருப்பது நல்லது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. இக்கருவியில் இறுவட்டுப் பகுதி உண்டா? இல்லையெனில் பின்னர் பொருத்த முடியுமா?

2. நமது இணைப்பின் மாத அளவு எவ்வளவு? இரவுக்கெனத் தனி டேட்டா உண்டா?

3. முதன்முறை இயக்க இணையம் அவசியமா? எக்ஸ் பொக்ஸ் சீரீஸ் கருவிகளுக்கு அவசியம்.

4. கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் நமது நாடு உண்டா? வெளிநாட்டில் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

5. மற்றவர்களோடு சேர்ந்து விளையாட மாதச் சந்தா கட்ட வேண்டுமா? மூன்று நிறுவனங்களும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அறவிடுகின்றன.

6. பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தையும் செலவையும் மட்டுப்படுத்த முடியுமா? மூன்றிலும் முடியும். முதல் நாளே செய்துவிடுங்கள்.

இந்த ஆறு கேள்விகளுக்கும் பதிலை எழுதி, வாங்கி வருபவருக்கு அனுப்பி வையுங்கள். விலையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

நாம் ஆரம்பத்தில் குறிப்பிட்ட வீட்டில் இப்போது ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. சிறிது காசு சேர்த்து, அக்கருவிக்குரிய இறுவட்டுப் பகுதியைத் தனியாக வாங்கிப் பொருத்திவிட்டார்கள். மாமியின் மகனோடு இறுவட்டுகள் கைமாறுகின்றன. தானாக நடக்கும் புதுப்பித்தல்களை நிறுத்தி வைத்து, நள்ளிரவுக்குப் பின்னர் இரவு டேட்டாவில் இறக்குகிறார்கள். வாப்பா அழைக்கும் நேரத்தில் கருவி அணைந்திருக்க வேண்டும் என்பது உம்மாவின் கட்டளை. அதை மட்டும் மகன் ஒருநாளும் மீறியதில்லை.