கைப்பேசிக்குள் ஒரு ரசிகர் மன்றம்

சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் பணிபுரிய வெளியூர்களிலிருந்து இளைஞர்கள் பலர் வந்து அறை எடுத்துத் தங்குகின்றனர். இரவுப் பணி முடிந்து திரும்பும் அவர்களுட் சிலருக்குப் பேச்சுத்துணை கைப்பேசியிலுள்ள ரசிகர் குழுவே.

நடிகர் அஜித்குமார் 2011இல் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். மன்றங்கள் மறைந்தன, ரசிகர்களோ இணையத்தில் ஒன்றுகூடினர். ஒரு கூட்டத்தைச் சேர்ந்திருத்தல் மனிதனின் அடிப்படைத் தேவை. அது தனிமையைத் தணிக்கும். ஆகவே பெற்றோர் அதனை வீண்வேலை என இகழ வேண்டா.

எனினும், எதிர்த்தரப்பினரின் வசையால் உறக்கம் கெடுதல், படத்தின் தோல்வியைத் தன் தோல்வியாகக் கருதுதல், உணவையும் வேலையையும் புறக்கணித்தல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது ரசிகர் சிலர் துயரம் தாளாது உயிர்நீத்தனர் என்பதை மறத்தலாகாது.

உறக்கமின்மைக்காக வரும் இளைஞரிடம் நான் கேட்பது இதுதான்: "உங்களுக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி கொண்டுவர அக்குழுவில் ஒருவரேனும் உண்டா?" இல்லையெனில், அறைத்தோழரிடமும் வீட்டாரிடமும் நாள்தோறும் சிறிது நேரம் பேசிப் பழகுங்கள்.

மனம் தளர்ந்தால் மருத்துவரிடம் தயங்காது கூறுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.