குழாய் எல்போவை நாமே வரைவது: அட்டவணை முதலில், வடிவம் கடைசியில்

ஹார்டுவேர் கடையில் "அரை இஞ்ச் பைப் ஒரு லெங்க்த்" என்று கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "எதுல சார்? ஜிஐயா, பிவிசியா, சிபிவிசியா?" நியாயமான கேள்வி. மூன்றின் வெளிவிட்டத்தையும் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். ஜிஐ 21.3 மி.மீ. பக்கத்தில் இருக்கும். பிவிசி 20 மி.மீ. சிபிவிசி 15.9 மி.மீ. அரை இஞ்ச் என்பதோ 12.7 மி.மீ. மூன்றில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை.

குழாய் உலகில் "அரை இஞ்ச்" ஒரு அளவு இல்லை, ஒரு பெயர். கணினியில் குழாய் பாகங்களைச் சொந்தமாக வரைய உட்காரும் யாரும் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். மென்பொருளோடு வரும் நூலகத்தில் நமக்கு வேண்டிய பாகம் பல நேரம் இருக்காது. "ஒரு எல்போதானே, நாமே போட்டுடலாம்" என்று தோன்றும். வரைவது உண்மையில் 10 நிமிட வேலைதான். ஆனால் வரைந்தது சரியா என்பது வேறு கேள்வி.

பெயர் ஏன் அளவாக இல்லை?

பழைய இரும்புக் குழாய்களில் பெயர் ஏறக்குறைய உள்விட்டத்தைக் குறித்தது. பிறகு தயாரிப்பு முறை மேம்பட்டு, சுவர் மெலிதானாலும் போதும் என்ற நிலை வந்தது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த திருகுப்புரிகளும் ஃபிட்டிங்குகளும் பொருந்த வேண்டுமே? அதனால் வெளிவிட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே பெரிதாக்கினார்கள். பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது.

இன்று ஏ.எஸ்.எம்.இ. பி36.10 தரத்தின்படி 4 இஞ்ச் எஃகுக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. ஷெட்யூல் 40 என்றால் சுவர்த் தடிமன் 6.02, ஷெட்யூல் 80 என்றால் 8.56. வெளிவிட்டம் இரண்டிலும் ஒன்றே. இந்தக் கூத்து 12 இஞ்ச் வரைக்கும்தான். 14 இஞ்சிலிருந்து பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகிவிடும்: 355.6 மி.மீ., அதாவது சரியாக 14 இஞ்ச்.

நம்ம பாஷையில் சொன்னால், வெளிவிட்டத்துக்கு சாவி பெயர் அளவு மட்டும். தடிமனுக்கு சாவி இரண்டு: பெயர் அளவு, ஷெட்யூல். இதை எந்தச் சூத்திரத்தாலும் வரவழைக்க முடியாது. அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

1.5 டி என்ற பொறி

எஃகுக் குழாய் வேலையில் அதிகம் புழங்குவது 90 டிகிரி லாங் ரேடியஸ் எல்போ. இதன் வளைவு ஆரம் "1.5 டி" என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். டி என்றால் விட்டம். எந்த விட்டம்?

வெளிவிட்டம் என்று எடுத்தால் 4 இஞ்ச் எல்போவுக்கு 1.5 × 114.3 = 171.5 மி.மீ. வரும். பி16.9 தரத்தின் அட்டவணையில் இருப்பதோ 152 மி.மீ. ஏனென்றால் அங்கே டி என்பது பெயர் அளவு: 1.5 × 4 இஞ்ச் = 6 இஞ்ச்.

சரி, பெயர் அளவை வைத்துச் சூத்திரம் எழுதிவிடலாமா? அரை இஞ்சுக்குப் போட்டால் 19 மி.மீ. வரும். அட்டவணையில் 38. முக்கால் இஞ்சுக்கும் 38, ஒரு இஞ்சுக்கும் 38. சின்ன அளவுகளில் சூத்திரம் உடைந்துவிடுகிறது. 4 இஞ்ச் 45 டிகிரி எல்போவிலும் ஒரு சின்ன வம்பு. ஆரத்தை tan 22.5-ஆல் பெருக்கினால் 63.1. அட்டவணை சொல்வது 64.

இந்த வித்தியாசத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 இஞ்ச் குழாய், இரண்டு முனையிலும் 90 டிகிரி எல்போ, மூலைக்கு மூலை 2,000 மி.மீ. நடுவில் வரும் நேர்க்குழாயை எவ்வளவு வெட்டுவது?

சரியான கணக்கு: 2,000 − (152 × 2) = 1,696. ஒவ்வொரு வெல்டுக்கும் 3 மி.மீ. இடைவெளி விட்டால் 1,690.

வெளிவிட்டத்தை வைத்துப் போட்ட எல்போ: 2,000 − 343 = 1,657. இடைவெளி போக 1,651.

குழாய் 39 மி.மீ. குட்டை. நீளமாக வந்திருந்தால் அறுத்துக்கொள்ளலாம். குட்டையாக வந்தால் வேற வழியே இல்லை, புதுக்குழாய் வெட்ட வேண்டும். சின்னத் துண்டு வைத்து ஒட்டலாமென்றால் ஒரு வெல்டு கூடும். அதோடு, இரண்டு வெல்டுகளுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி வேண்டும் என்று பல வேலைகளில் விதியே இருக்கும்.

பயமுறுத்தும் விஷயம் என்னவென்றால், திரையில் இது எதுவும் தெரியாது. எல்போ அழகாக வளைந்திருக்கும், குழாய் அதோடு கச்சிதமாக ஒட்டியிருக்கும், எங்கும் மோதல் காட்டாது. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரி. தவறு வெளியே வருவது ஃபிட்டர் கையில்.

ஃப்ரீகேட்டில் எப்படி?

இலவசமாகக் கிடைப்பதால் ஃப்ரீகேட்டை வைத்துச் சொல்கிறேன். வேறு மென்பொருளிலும் வரிசை இதேதான்.

முதலில் ஸ்ப்ரெட்ஷீட். வெளிவிட்டம், தடிமன், மூலையிலிருந்து முனைக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப்பெயர் கொடுத்துவிடுங்கள். ஒரு அளவுக்கு ஒரு வரி என்று அட்டவணையாகப் போட்டு, தேர்ந்தெடுத்த வரியிலிருந்து மதிப்புகள் வரும்படி அமைக்கும் வசதியும் அதிலேயே உண்டு.

அடுத்து எக்ஸ்-இசட் தளத்தில் ஸ்கெட்ச். இசட் அச்சிலிருந்து 152 தள்ளி ஒரே மையத்தில் இரண்டு வட்டங்கள். எண்ணைத் தட்டச்சு செய்யாமல் ஸ்ப்ரெட்ஷீட்டின் மாற்றுப்பெயரைக் கொடுங்கள். பிறகு இசட் அச்சைச் சுற்றி 90 டிகிரி ரெவல்யூஷன். எல்போ ரெடி.

வடிவம் முடிந்தது, பாகம் முடியவில்லை. இனிமேல்தான் முக்கியமான வேலை: இணைப்புப் புள்ளிகள். ஒவ்வொரு முனையின் மையத்திலும் ஓர் ஆய அச்சுத் தொகுதியை வையுங்கள். அதன் ஒரு அச்சு முனையிலிருந்து வெளியே பார்க்க வேண்டும். எல்போவின் மூலப்புள்ளி வளைவின் மையத்தில் இருக்கக் கூடாது. இரண்டு குழாய்களின் மையக்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் மூலையில் இருக்க வேண்டும். குழாய்ப் பாதையை வரைபவர் அந்த மூலையைத்தான் குறிப்பார்.

இணைப்புப் புள்ளி எங்கே?

வெல்டு எல்போவில் முனையும் இணைப்புப் புள்ளியும் ஒன்று. சிபிவிசி மாதிரி சாக்கெட் ஃபிட்டிங்கில் அப்படி இல்லை. குழாய் உள்ளே நுழைந்து ஒரு படியில் முட்டி நிற்கும். இணைப்புப் புள்ளி அந்தப் படியில் இருக்க வேண்டும். வாயில் வைத்தால் ஒவ்வொரு மூட்டிலும் குழாய் சாக்கெட்டின் ஆழத்துக்குக் குட்டையாகிவிடும். எஃகு சாக்கெட் வெல்டில் இன்னொரு நுணுக்கம்: குழாயை அடிவரை முட்டவிட மாட்டார்கள், வெல்டுக்கு முன் சுமார் 1.5 மி.மீ. பின்னுக்கு இழுத்து வைப்பார்கள். அதையும் கழிக்க வேண்டும்.

திருகுப்புரியில் அளவு மட்டும் போதாது. அரை இஞ்சில் அமெரிக்க என்பிடி புரிக்கும், நம்மூர் ஜிஐ குழாயில் வரும் பிஎஸ்பி புரிக்கும் இஞ்சுக்கு 14 சுற்று. ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. கையில் ஏறுவதுபோல் ஏறும், ஆனால் அது முறையான பொருத்தம் இல்லை, கசியும். எனவே ஒவ்வொரு இணைப்புப் புள்ளிக்கும் நான்கு தகவல் வேண்டும்: இடம், திசை, அளவு, முனையின் வகை. புரோகிராமர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். வகை பொருந்தாத இரண்டை ஒட்டவிடக் கூடாது, அவ்வளவே.

ஃபிளாஞ்சுக்கு இதோடு சுழற்சியும் சேரும். போல்ட் துளைகள் மையக்கோட்டின் மேல் விழாமல் அதன் இரு பக்கமும் சமமாக நிற்பது வழக்கம். 8 துளை என்றால் முதல் துளை 22.5 டிகிரியில். 0 டிகிரியில் வைத்து வரைந்தால் எதிர் ஃபிளாஞ்சின் துளைகளோடு ஒத்துப்போகாது.

கண்ணால் பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள்

பாகத்தைச் சேமிக்கும் முன் இரண்டு சோதனை போதும். ஒன்று, 90 டிகிரி எல்போவின் இரு முனை மையங்களுக்கு இடையே உள்ள தூரம். அது 152 × √2, அதாவது 215 மி.மீ. இருக்க வேண்டும். வெளிவிட்டப் பொறியில் விழுந்திருந்தால் 242 காட்டும்.

இரண்டு, எடை. குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 2,048 ச.மி.மீ., மையக்கோட்டு நீளம் சுமார் 239 மி.மீ. இரண்டையும் பெருக்கி எஃகின் அடர்த்தியைப் போட்டால் 3.8 கிலோ வருகிறது. மென்பொருள் சொல்லும் கன அளவும் இதையே தர வேண்டும். விற்பனையாளரின் எடைப் பட்டியலிலிருந்து ரொம்பத் தள்ளியிருந்தால் தடிமனையோ ஆரத்தையோ மறுபடி பாருங்கள்.

இந்தச் சோதனைகளை ஒரே அளவுக்குச் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். அரை இஞ்சுக்கும் ஒரு தடவை, 14 இஞ்சுக்கும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கும் அளவுகளில் சூத்திரமும் அட்டவணையும் ஒன்றாகவே நடக்கும். இரண்டும் பிரியும் இடம் சின்ன அளவுகளின் ஓரத்தில்தான்.